சாட்ஸ்வொர்த்தில் பிள்ளைக்கு ஊசி போட்ட 18 மாதம்: அரசு கிளினிக்கா, மருந்துக்கடை கிளினிக்கா?

தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வேலையாக வரும் நம் ஊர்க்காரர்கள் வீடு பார்த்து, மளிகைக்கடையும் கண்டுபிடித்த கையோடு கேட்கும் அடுத்த கேள்வி, "பிள்ளைக்கு ஊசி எங்க போடுறீங்க?" என்பதுதான். ஒவ்வொருவருக்கும் போனில் அரைமணி நேரம் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. அதனால் மொத்தமாக எழுதிவிடுகிறேன்.

என் மகள் பிறந்தது 2022 ஆகஸ்ட், இங்கேதான். 18 மாதம் வரைக்குமான ஊசிகளை இரண்டு இடத்தில் போட்டோம். ஒன்று, டர்பனில் இந்திய வம்சாவளியினர் நிறைய வாழும் சாட்ஸ்வொர்த் பக்கம் இருக்கும் ஓர் அரசு கிளினிக், இன்னொன்று ஒரு மாலுக்குள் மருந்துக்கடையோடு சேர்ந்த தனியார் கிளினிக். இரண்டைப் பற்றியும் குறை சொல்லப்போகிறேன், அதனால் பெயர் போடவில்லை. மதிப்பெண் மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவர்களுக்கு: அரசு கிளினிக்குக்கு ஐந்தில் நான்கு, தனியாருக்கு இரண்டரை. ஏசியும் சோபாவும் இருக்கும் இடத்துக்கு ஏன் இரண்டரை என்று கேட்பவர்கள் மேலே படிக்கலாம்.

பிறந்த மறுநாளே ஆஸ்பத்திரியில் காசநோய்க்கான பி.சி.ஜி. போட்டு, போலியோ சொட்டும் கொடுத்துவிட்டார்கள். வீடியோ காலில் பிள்ளையைப் பார்த்த அம்மா முகத்தைப் பார்த்தாளோ இல்லையோ, கையைப் பார்த்துவிட்டாள். "ஏட்டி, வலது கையிலயா போட்டிருக்காங்க? இடது கையிலல்லா போடணும்?" நியாயமான கேள்வி. எனக்கு, என் வீட்டுக்காரருக்கு, தூத்துக்குடியில் எங்கள் தெருவில் பிறந்த அத்தனை பேருக்கும் அந்தத் தழும்பு இடது தோளுக்குக் கீழேதான். ஆஸ்பத்திரியில் கேட்க அப்போது எனக்குத் தோன்றவில்லை. அம்மாவோ அதையே பிடித்துக்கொண்டாள். அப்புறம், "அங்க பிறந்ததும் மஞ்சள்காமாலை ஊசி போடுவாங்களே, உனக்குப் போட்டாங்களா?" என்று அடுத்தது. ஆறு வாரம் ஆவதற்குள் தென்னாப்பிரிக்காவில் ஊசியே சரியில்லை என்று ஊரில் ஒரு கருத்து உருவாகிவிட்டது.

ஆறாவது வாரம்தான் அந்த அரசு கிளினிக்குக்கு முதல்முறை போனோம். காலை ஐந்தே முக்காலுக்கே வெளியே வரிசை. பேரப்பிள்ளையை முதுகில் போர்வையால் கட்டிக்கொண்ட கோகோக்கள் (இங்கே பாட்டியை அப்படித்தான் கூப்பிடுவார்கள்), பள்ளிக்கூடச் சீருடையோடு நிற்கும் அக்காமார், என்னைப்போல டயப்பர் பையைத் தூக்கிக்கொண்டு முழிக்கிறவர்கள். கதவைத் திறந்ததும் ஒரு வரிசையில் பைல் வாங்கி, அடுத்த வரிசையில் எடை பார்த்து, கையைச் சுற்றி ஒரு நாடாவில் அளந்து, மூன்றாவது பெஞ்சில் உட்கார வேண்டும். நாலு மணி நேரம். இலவசம், ஒரு ராண்ட் கிடையாது, ஆனால் அரைநாள் போய்விடும். தினக்கூலிக்காரருக்கு அது இலவசமா என்று யோசித்துக்கொள்ளுங்கள். கழிப்பறையில் தாழ்ப்பாள் வேறு இல்லை.

இத்தனைக்கும் பிறகு நான்கு நட்சத்திரம் கொடுத்தது உள்ளே இருந்த சிஸ்டருக்காக. ஐம்பது வயதைத் தாண்டிய ஜுலு அம்மா, தோளில் மெரூன் பட்டை, மூக்குக் கண்ணாடி சங்கிலியில் தொங்கும். என்னை "மம்மி" என்றுதான் கூப்பிடுவார், இங்கே எல்லாத் தாய்மாரையும் அப்படித்தான். ஊசித் தட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். உடனே போடவில்லை. ஒவ்வொன்றாகக் காட்டினார்: இது ரோட்டா, வாயில் விடுவது, வயிற்றுப்போக்குக்கு. இது போலியோ சொட்டு. இடது தொடையில் போடப்போவது ஆறு நோய்க்கு ஒரே ஊசி, தொண்டை அடைப்பான், டெட்டனஸ், கக்குவான் இருமல், போலியோ, ஹிப் (மூளைக்காய்ச்சல் வரவைக்கும் ஒரு கிருமி), மஞ்சள்காமாலை பி. வலது தொடையில் நிமோனியாவுக்கு. சொல்லிவிட்டு, "கேள்வி இருக்கிறதா?" என்று கேட்டார். எல்லோரும் கேட்பதுதான். இவர் கேட்டுவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு பதிலுக்குக் காத்திருந்தார். வெளியே முப்பது பேர் உட்கார்ந்திருக்கும்போது!

நான் அம்மாவின் கேள்வியைக் கேட்டேன். சிரித்துவிட்டார். இந்தியாவில் இடது கை, எங்கள் அட்டவணையில் வலது கை, மருந்துக்கு எந்தக் கையாக இருந்தால் என்ன என்றார். அந்த இடத்தில் சின்னக் கொப்புளம் வரும், சீழ் வைக்கும், தானே காயும், மஞ்சள் கிஞ்சள் எதுவும் தடவாதே என்றும் சேர்த்துச் சொன்னார். (மஞ்சள் என்று அவர் எப்படிச் சரியாகச் சொன்னார் என்றால், சாட்ஸ்வொர்த்தில் இத்தனை வருஷம் வேலை பார்த்தவர், எத்தனை தமிழ்ப் பாட்டிகளைப் பார்த்திருப்பார்!) மஞ்சள்காமாலை ஊசி இந்த ஆறு-நோய் ஊசிக்குள்ளேயே இருக்கிறது, தாய்க்கு அந்தக் கிருமி இருந்தால் மட்டும் பிறந்தவுடன் தனியாகப் போடுவோம் என்றார். ஐந்து நிமிடம்தான். ஆறு வாரக் கவலை முடிந்தது.

ஆனால் அதோடு எல்லாம் சுபம் என்று நினைக்காதீர்கள். பத்தாவது வாரம் நான் போனபோது மணி ஒன்பதரை, அன்றைய எண்ணிக்கை முடிந்துவிட்டது, நாளை வா என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். மறுநாள் வீட்டுக்காரருக்கு லீவு இல்லை. அதற்கடுத்த வாரம் பிள்ளைக்குச் சளி. "சளியோட ஊசி போடாத" என்று அம்மா. இப்படியே ஐந்து வாரம் ஓடிவிட்டது. தள்ளிப்போடப் போட, போனால் திட்டுவார்களே என்ற பயத்திலேயே இன்னும் தள்ளிப்போட்டேன். பயந்த மாதிரியே, பைல் கொடுக்கும் இடத்தில் இருந்த ஓர் இளம் பெண் வரிசையே திரும்பிப் பார்க்கிற மாதிரி, "ஏன் இவ்வளவு லேட்?" என்று கத்தினார். முகம் சிவந்துவிட்டது எனக்கு. ஒரு நட்சத்திரத்தைக் குறைத்தது பாதி இதற்காக. பச்சைக் குழந்தையை வைத்துக்கொண்டு நிற்கிறவளைச் சபையில் வைத்துத் திட்டினால் அடுத்த தடவை அவள் எப்படி வருவாள்?

உள்ளே சிஸ்டர் பிள்ளையின் ஊசிக் கணக்கு எழுதும் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, திரும்ப முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதில்லை, விட்ட இடத்திலிருந்து தொடரலாம், அடுத்ததற்கு நாலு வாரம் இடைவெளி இருந்தால் போதும் என்றார். லேசான சளி ஊசிக்குத் தடையே இல்லையாம். ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருந்தார்: ரோட்டா மருந்தை 24 வாரத்துக்கு மேல் கொடுக்க மாட்டார்கள், அந்தக் கதவு மூடினால் மூடினதுதான். அதனால் அன்றைக்கே அதையும் கொடுத்துவிட்டு, பதினான்காம் வார நிமோனியா ஊசியையும் சேர்த்துப் போட்டு, அடுத்த தேதியைப் பென்சிலில் எழுதினார். இந்த 18 மாதத்தில் ஊசியே கூடாது என்று கொள்கையாகச் சொன்ன ஒரே ஒரு தாயைத்தான் அந்த பெஞ்சில் பார்த்தேன், அவரும் சிஸ்டரிடம் பேசத்தான் வந்திருந்தார். என்னைப்போலத் தள்ளிப்போட்டுவிட்டுத் திருட்டு முழி முழித்தவர்கள்தான் பெஞ்சு நிறைய.

அன்று இரவு பிள்ளைக்குக் காய்ச்சல் வரவே இல்லை. பனடோ என்ற காய்ச்சல் சிரப்பை வாங்கித் தலைமாட்டில் வைத்துக்கொண்டு முழித்திருந்தோம், அவள் நிம்மதியாகத் தூங்கினாள். இதற்கும் அம்மாவிடம் பேச்சு: "காய்ச்சலே வரலியா? அப்ப ஊசி பிடிக்கல போல." நம் ஊரில் ஊசி போட்டால் தொடை வீங்கி, இரண்டு நாள் கொதிக்கும், அதுதான் கணக்கு. காரணம் எளிது. இந்தியாவில் அரசு போடும் ஊசியில் கக்குவான் கிருமியை முழுசாகக் கொன்று சேர்ப்பார்கள், அது காய்ச்சலைக் கிளப்பும். இங்கே போடுவதில் கிருமியின் சில துண்டுகள் மட்டும், அதனால் தொந்தரவு குறைவு. இரண்டும் வேலை செய்கிற ஊசிதான். காய்ச்சல் வந்தாலும் பயப்பட வேண்டாம், வராவிட்டாலும் பயப்பட வேண்டாம் என்று அம்மாவுக்குப் புரியவைக்க எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆனது.

பெரிய குழப்பம் 2023 பிப்ரவரியில், தட்டம்மை ஊசியின்போது. இங்கே முதல் டோஸ் ஆறு மாதத்தில், நம் ஊரில் ஒன்பது மாதத்தில். "ஆறு மாசப் பிள்ளைக்கா?" என்று அம்மா ஆரம்பிக்க, மதினி ஊசி ஆபத்து என்று பயமுறுத்தும் ஓர் ஆடியோவை அனுப்பிவைத்தாள். கேட்ட குரலாக இருக்கிறதே என்று பார்த்தால், 2017இல் தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடங்களில் தட்டம்மை-ரூபெல்லா (ஜெர்மன் தட்டம்மை) ஊசி போட்டபோது வாட்ஸப்பில் சுற்றிய அதே மாதிரிச் சங்கதி. அப்போது வதந்தியால் பெற்றோர் பயந்து பிள்ளைகளை அனுப்பாமல், முகாமை நீட்டிக்க வேண்டி வந்தது ஞாபகம் இருக்கும். மதினி அன்று தன் பையனைப் பள்ளிக்கூடத்துக்கே அனுப்பவில்லை. ஆறு வருஷம் கழித்து அந்தப் பயம் கடல் தாண்டி என் போனுக்கு வந்துவிட்டது.

எனக்கும் சஞ்சலம்தான், மறைக்கவில்லை. சிஸ்டரிடம் நேராகவே கேட்டேன். 2022 அக்டோபரில் லிம்போபோவில் தொடங்கிய தட்டம்மை மற்ற மாகாணங்களுக்கும் பரவிக்கொண்டிருந்த நேரம் அது, 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கெல்லாம் கூடுதல் டோஸ் போடும் முகாம் நடந்துகொண்டிருந்தது. சின்னக் குழந்தைகளைத்தான் அது மோசமாகப் பிடிக்கும், ஆறு மாதத்திலேயே போடுவது அதனால்தான் என்றார். தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி கொஞ்சம் மிச்சம் இருப்பதால் இந்த வயதில் ஊசி எல்லோருக்கும் முழுசாகப் பிடிக்காது, அதற்காகத்தான் 12 மாதத்தில் இன்னொன்று, அதை மட்டும் விட்டுவிடாதே என்றும் சொன்னார். "நூற்றுக்கு நூறு" என்று அவர் அளந்துவிட்டிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். பிடிக்காமலும் போகலாம் என்று சொன்னாரே, அதனால்தான் நம்பினேன்.

அந்த மாதம்தான் லோட்ஷெட்டிங் (இங்கே முறைவைத்துச் செய்யும் மின்வெட்டு) ஸ்டேஜ் ஆறு வரைக்கும் போனது. என் வீட்டுப் பாலே கெட்டுப்போகும்போது இவர்கள் மருந்து என்ன ஆகும் என்ற கேள்வியும் எனக்கு இருந்தது. கேட்டேன். எழுந்து போய் ஃபிரிட்ஜைத் திறந்து காட்டினார். உள்ளே வெப்பமானி, 2 டிகிரிக்கும் 8 டிகிரிக்கும் நடுவே நிற்கிறது. கதவில் ஒட்டிய தாளில் காலையும் மாலையும் குறித்த எண்கள், கரண்ட் போனால் ஜெனரேட்டர். போலியோ சொட்டுக் குப்பி ஒன்றை எடுத்து லேபிளில் ஒரு வட்டத்தைக் காட்டினார். வட்டத்துக்குள்ளே ஒரு சின்னச் சதுரம். சதுரம் வட்டத்தைவிட வெளிறி இருந்தால் மருந்து நன்றாக இருக்கிறது, சூடு பட்டுப் பட்டு வட்டத்தின் நிறத்துக்குக் கறுத்துவிட்டால் தூக்கிப் போட வேண்டியதுதான். சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது அந்தப் படம். அடுத்த தடவை நீங்களும் கேட்டுப் பாருங்கள், காட்டுவார்கள்.

குறையையும் சொல்லிவிடுகிறேன். தட்டம்மை மருந்து தூளாக வரும், கரைத்த பிறகு ஆறு மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும், ஒரு குப்பியில் பல பேருக்குப் போடலாம். அன்று இன்னும் இரண்டு பிள்ளைகள் வந்தால்தான் குப்பியை உடைப்போம் என்று உதவியாளர் ஒருவர் ஒன்றரை மணி நேரம் உட்கார வைத்துவிட்டார். மருந்து வீணாகக் கூடாது என்ற அக்கறை புரிகிறது, ஆனால் அதற்குள் கிளம்பிப் போய்விட்ட ஒரு தாயை என் கண்ணால் பார்த்தேன். ஒரு பிள்ளை வந்தாலும் குப்பியை உடைக்க வேண்டும் என்பதுதான் உலக சுகாதார அமைப்பு சொல்வது. கடைசியில் ஊசியும் போட்டு, வைட்டமின் ஏ மாத்திரையின் நுனியைக் கத்தரிக்கோலால் வெட்டி வாயில் பிழிந்தும் விட்டார்கள். அழுகை அதற்குத்தான் அதிகம்.

இங்கே எங்கள் வீட்டு ஓனரம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாங்கள் இருப்பது அவர்கள் வீட்டு அவுட்பில்டிங்கில், அதாவது வளவுக்குள் தனியாகக் கட்டிய சின்ன வீட்டில். எழுபதைத் தாண்டியவர், நாங்கள் ஆயா என்றுதான் கூப்பிடுகிறோம். பேச்செல்லாம் ஆங்கிலம், தமிழில் எஞ்சியிருப்பது சாமியும் சாப்பாடும் உறவுமுறையும்தான். ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவதை இங்கே போரிட்ஜ் பிரேயர் என்பார்கள், அதற்கு இவர்தான் தெருவில் முன்னால் நிற்பார். ஊசி போடக் கிளம்பும் காலையெல்லாம் பிள்ளையின் தள்ளுவண்டியில் ஒரு கொத்து வேப்பிலையைச் செருகிவிட்டு, அதே மூச்சில், "புக் எடுத்தியா?" என்று கேட்பார். அவர் கேட்பது அந்த ஊசிப் புத்தகத்தை, இங்கே ரோடு டு ஹெல்த் என்பார்கள். எங்கள் ஊரில் அம்மை வந்தால் வேப்பிலை, ஊசி என்றால் பயம் என்று இரண்டையும் எதிரெதிராக வைத்துப் பேசும் மதினிக்கு அந்தத் தள்ளுவண்டியைப் படம் எடுத்து அனுப்பினேன். பதில் இல்லை.

ஈஸ்டருக்கு, இஸிபிங்கோ ரயில் என்ற இடத்தில் இருக்கும் மாரியம்மன் கோயிலுக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போக ஆயாவுக்கு ஆசை. பெரிய வெள்ளியன்று அங்கே கூட்டம் எப்படி இருக்கும் என்று போனவர்களுக்குத் தெரியும். ஒரு டோஸ் மட்டும் போட்ட எட்டு மாதப் பிள்ளை. தட்டம்மைக்காரர் ஒருவர் இருமிவிட்டுப் போன அறையில் இரண்டு மணி நேரம் வரைக்கும் கிருமி காற்றிலேயே நிற்கும், எதிர்ப்பு இல்லாத பத்துப் பேரில் ஒன்பது பேரைப் பிடிக்கும். போகலாமா என்று சிஸ்டரைக் கேட்டால், இதையெல்லாம் சொல்லிவிட்டு, முடிவு உன்னுடையது என்றார். சனிக்கிழமை விடியற்காலையில் போய்க் கும்பிட்டுவிட்டு ஏழு மணிக்குள் திரும்பிவிட்டோம்.

சரி, தனியார் கிளினிக்குக்கு வருவோம். அப்போது அரசு ஊசியில் தட்டம்மை மட்டும்தான். பொன்னுக்கு வீங்கியும் ரூபெல்லாவும் சேர்ந்த எம்.எம்.ஆர். வேண்டுமென்றால் காசு கொடுத்துத்தான் போட வேண்டும். (2024இலிருந்து அரசு ஊசியிலேயே ரூபெல்லா சேர்ந்துவிட்டது, பொன்னுக்கு வீங்கி இன்னும் இல்லை.) ஊருக்குப் போகும் திட்டம் இருந்ததால் போட்டுவிடலாம் என்று நினைத்தோம். ஆகஸ்டில் 12 மாதத் தட்டம்மை ஊசி போட்டபோதே, எம்.எம்.ஆருக்குக் குறைந்தது நாலு வாரம் விடு என்று சிஸ்டர் சொல்லியிருந்தார். வீட்டுக்காரர் அதை மறந்துவிட்டு, ஆப்பில் காலியாக இருந்த முதல் தேதியைப் போட்டுவிட்டார். நானும் நாள் கணக்கைப் பார்க்கவில்லை, எங்கள் தப்புதான்.

இடம் பளபளவென்று இருக்கிறது. சொன்ன நேரத்துக்குக் கூப்பிட்டார்கள், சுவரில் யானைப் படம், கார்ட்டூன் ஓடுகிறது. நர்ஸ் சிரித்த முகம். ஆனால் நான் நீட்டிய புத்தகத்தை வாங்கி மேசையில் வைத்து, அதன்மேல் தன் போனை வைத்துவிட்டு ஊசியைப் பிரிக்கப் போனார். புத்தகத்தைத் திறக்கவே இல்லை! கடைசி ஊசி எப்போது என்று கேட்க வேண்டாமா? நானே, "போன ஊசி தட்டம்மை, தேதி பாருங்கள்" என்றேன். பரவாயில்லை என்று சொல்லிக்கொண்டே திறந்தவர், எண்ணிப் பார்த்தால் 16 நாள். முகம் மாறிவிட்டது. அடுத்த மாதம் வரச் சொன்னார். ஆலோசனைக் கட்டணம் மட்டும் திரும்ப வரவில்லை. அடுத்த மாதம் போனால் ஸ்டாக் இல்லை, போன் செய்து சொல்லியிருக்கலாம். மூன்றாவது தடவைதான் போட்டார்கள். கட்டணம், ஊசி விலை, பெட்ரோல் எல்லாம் சேர்த்து ஆயிரம் ராண்டைத் தொட்டுவிட்டது.

அதற்கு நடுவில் வீட்டுக்காரரின் ஆபீசில் ஒருவர், எம்.எம்.ஆர். போட்டால் ஆட்டிசம் வரும் என்று சொல்லிவிட்டார். அதைத் தனியார் நர்ஸிடம் கேட்டதற்கு ஒரு வழவழத் தாளை எடுத்துக் கையில் கொடுத்தார், இதில் எல்லாம் இருக்கிறது என்று. அதில் எல்லாம் இருந்தது, அந்தக் கேள்விக்குப் பதில் தவிர. எடை பார்க்கப் போன அன்று வீட்டுக்காரரே அரசு கிளினிக் சிஸ்டரிடம் கேட்டார். அவர் உட்காரச் சொல்லிக் கதையாகவே சொன்னார்: 1998இல் ஆண்ட்ரூ வேக்ஃபீல்ட் என்ற இங்கிலாந்து டாக்டர் 12 குழந்தைகளை வைத்து எழுதிய கட்டுரை, அதை வெளியிட்ட லான்செட் பத்திரிகையே 2010இல் திரும்பப் பெற்றது, அவருடைய டாக்டர் பதிவும் போனது. ஆட்டிசத்தின் அடையாளங்கள் பெற்றோர் கண்ணில் படுவது பெரும்பாலும் இரண்டாம் வயதில், இந்த ஊசி போடுவதும் அந்தச் சமயம், அதனால் ஒன்றையொன்று முடிச்சுப் போடுவது சுலபம் என்றார். வீட்டுக்கு வந்து நான் தேடிப் பார்த்தேன். டென்மார்க்கில் ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளை வருஷக்கணக்காகக் கவனித்து 2019இல் வெளியிட்ட ஆய்விலும் சம்பந்தம் இல்லை என்றே வந்திருக்கிறது. வீட்டுக்காரருக்கு ஆய்வைவிட, சிஸ்டர் நாற்காலி போட்டுப் பேசியதுதான் மனசில் நின்றது.

தனியாரை ஒரேயடியாக ஒதுக்கச் சொல்லவில்லை. சின்னம்மை ஊசி, ஹெபடைடிஸ் ஏ ஊசி வேண்டுமென்றால் அங்கேதான் போக வேண்டும், அரசு அட்டவணையில் கிடையாது. லீவு கிடைக்காதவர்களுக்குச் சனிக்கிழமை அப்பாயின்ட்மென்ட் பெரிய உதவி. புத்தகத்தை நீங்களே திறந்து, கடைசி ஊசிப் பக்கத்தைக் காட்டிக்கொண்டு உள்ளே போங்கள், கிளம்புமுன் ஸ்டாக் இருக்கிறதா என்று போன் போட்டுக் கேளுங்கள்.

2024 பிப்ரவரியில் 18 மாத ஊசிக்குப் போனபோது அரசு கிளினிக்கில் எங்கள் சிஸ்டர் லீவு. வேறொருவர் இருந்தார். இடது கையில் ஊசி, பேட்ச் எண், கையெழுத்து, அடுத்தவர் வரலாம். இரண்டு நிமிடம். தப்பு ஒன்றும் இல்லை, ஆனால் கேள்வி இருக்கிறதா என்று கேட்கவில்லை. குறைத்த ஒரு நட்சத்திரத்தின் மீதிப் பாதி அதற்குத்தான். ஒரு ஆள் லீவு போட்டால் காணாமல் போகிற சேவைக்கு ஐந்து கொடுக்க முடியாது.

புதிதாகப் போகிறவர்கள் ஆறு மணிக்கு முன்னால் போய்விடுங்கள். சாப்பாடு, தண்ணீர் எடுத்துப் போங்கள். புத்தகத்தின் ஊசிப் பக்கத்தை ஒவ்வொரு தடவையும் போனில் படம் எடுத்து வையுங்கள், பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது கேட்பார்கள். ஊசி போடும்போது பால் கொடுத்துக்கொண்டே இருந்தால் அழுகை குறையும், அங்கே யாரும் ஒன்றும் சொல்வதில்லை. கழிப்பறைத் தாழ்ப்பாள் மட்டும் 18 மாதமாக அப்படியேதான் இருக்கிறது, துணைக்கு ஆள் இல்லாமல் போகிறவர்கள் பையில் ஒரு கயிறு வைத்துக்கொள்ளுங்கள்.